4–2 முன்னிலை, 4–6 தோல்வி: ஒரு டென்னிஸ் டபுள்ஸ் செட் கைவிட்டுப் போன விதம்

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி, சென்னையில் ஒரு ஹார்டு கோர்ட். ஒரு பக்கம் நாற்பதை நெருங்கும் வலக்கையர் ஒருவரும் ஐம்பத்தைந்து வயது இடக்கையர் ஒருவரும். வலக்கையரின் ஃபோர்ஹேண்ட் (ராக்கெட் பிடித்த கைப்பக்கத்து அடி) நால்வரில் கனமானது. இடக்கையருக்கு நெட்டருகே கை பேசும். எதிரே அறுபதைத் தாண்டிய இருவர், இருவருமே வலக்கைக்காரர்கள். அவர்களிடம் வேகமான சர்வ் கிடையாது, ஒரே அடியில் முடிக்கும் ஷாட்டும் கிடையாது. லாப் (தலைக்கு மேல் உயரமாகத் தூக்கும் பந்து) போடுவார்கள், நடுவில் மெதுவாகத் தள்ளுவார்கள், காத்திருப்பார்கள். இளைய ஜோடி 4–2 என்று முன்னேறியது. அதற்குப் பிறகு ஒரு கேம்கூட எடுக்கவில்லை.

இந்த நால்வரும் குறிப்பிட்ட யாரும் அல்லர். பொழுதுபோக்கு டபுள்ஸில் வாரந்தோறும் கண்ணில் படும் தவறுகளை ஒரே செட்டுக்குள் கோத்து எடுத்த மாதிரி ஆட்டம் இது. தவறுகள் மட்டும் ஒவ்வொன்றும் நிஜமானவை, அவை வரும் வரிசையும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் இப்படித் தோற்ற ஜோடி சொல்வது வழக்கமான காரணம்: “இன்னிக்கு ஃபோர்ஹேண்ட் விழல.” ஃபோர்ஹேண்ட் நன்றாகவே விழுந்தது. கடைசி நான்கு கேம்களில் போன பாயின்ட்டுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே இரண்டு பேருக்கும் இடையில் விழுந்தவை. இருவருக்கும் நடுவே இருந்த இடத்தில் சில, சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையில் சில, டாஸ் போட்டபோது யோசிக்காமல் விட்ட ஒரு முடிவில் சில.

ஏழாவது கேம்

4–2. இடக்கையர் சர்வ் செய்கிறார், கோர்ட்டின் வடக்கு முனையிலிருந்து. வலக்கையர் நெட்டில்.

முதல் பாயின்ட், டியூஸ் கோர்ட், அதாவது வலது பாதி. இரண்டாவது சர்வ் மெதுவாக விழுகிறது. ரிட்டர்ன் செய்பவர் அதை நேராக நெட்டுக்காரர் தலைக்கு மேல் தூக்கிப் போடுகிறார். வலக்கையர் இரண்டடி பின்னால் போய், எட்டாது என்று தெரிந்த பிறகு “யுவர்ஸ்” என்கிறார். அதற்குள் பந்து இறங்கத் தொடங்கிவிட்டது. இடக்கையர் ஓடிப் பிடித்துவிடுகிறார், அது பாராட்டத்தக்க ஓட்டம். ஆனால் வலக்கையர் நின்ற பக்கத்திலேயே நிற்கிறார். இப்போது இருவரும் இடது பாதியில், வலது பாதி முழுதும் காலி. எதிராளிக்கு வேகம் தேவைப்படவில்லை. காலியான இடத்தில் தள்ளிவிட்டார். 0–15.

இரண்டாவது பாயின்ட், ஆட் கோர்ட், அதாவது இடது பாதி. ரிட்டர்ன் குறுக்காக வருகிறது, நான்கைந்து ஷாட் போகிறது. பிறகு ஒரு மெதுவான பந்து நடுவில். நெட்டில் நிற்கும் வலக்கையர் ராக்கெட்டைக் கொஞ்சம் நீட்டி, பின்னால் இருப்பவர் எடுப்பார் என்று இழுத்துக்கொள்கிறார். முன்னால் இருப்பவர் எடுப்பார் என்று பின்னவரும் நிற்கிறார். இருவருக்கும் அது பேக்ஹேண்ட் பக்கம், ராக்கெட் பிடிக்காத கைப்பக்கம். 0–30.

மூன்றாவது, டபுள் ஃபால்ட்: இரண்டு சர்வும் உள்ளே விழவில்லை. சூரியன் கிழக்கு மரங்களுக்கு மேலே வந்து கொஞ்ச நேரம் ஆகிறது. இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

நான்காவது பாயின்ட்தான் செட்டைத் திருப்பியது. 0–40. எதையாவது செய்தாக வேண்டும் என்ற வேகத்தில் வலக்கையர், சர்வ் எதிர்ப்பக்கம் விழுவதற்கு முன்பே நடுவை நோக்கிக் கிளம்புகிறார். ரிட்டர்ன் செய்பவர் அதைப் பார்த்துவிட்டு டிராம்லைனில், அதாவது கோர்ட்டின் ஓரப் பட்டையில், அடிக்கிறார். 4–3. அந்த ஒரு பந்துக்குப் பிறகு செட் முடியும்வரை, நெட்டில் நிற்கும்போதெல்லாம் வலக்கையர் டிராம்லைனை விட்டு நகரவே இல்லை.

போச்சிங், அதாவது பார்ட்னருக்குப் போகும் பந்தை நெட்டுக்காரர் குறுக்கே பாய்ந்து எடுப்பது, தவறான யோசனை இல்லை. அது ஒரு நொடி முந்திவிட்டது, பார்ட்னருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம்தான் தவறு. டிராம்லைனில் போகும் ஒரு பந்து எல்லார் கண்ணிலும் படும், வெட்கமாக இருக்கும். நடுவில் போகும் ஆறு பந்துகளுக்கு யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது, அதனால் யாருக்கும் உறுத்தாது. பொழுதுபோக்கு டபுள்ஸில் நெட்டுக்காரர்கள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்வதற்கு இதுவே முதல் காரணம் என்பது எங்கள் எண்ணம்.

அடிக்கணக்கில் பார்த்தால்

டபுள்ஸ் கோர்ட் 78 அடி நீளம், 36 அடி அகலம். நடுவிலிருந்து ஓரக்கோடு வரை ஒருவர் பங்கு 18 அடி. அதில் டிராம்லைன் பட்டை 4½ அடி மட்டும். நெட் நடுவில் 3 அடி உயரம், கம்பத்தருகே 3½ அடி.

ஓரக்கோட்டிலிருந்து 3 அடி உள்ளே நிற்பவர், ஒரு எட்டு வைத்துக் கை நீட்டினால் இன்னும் 7 அடி உள்ளே எட்டுவார். மீதி 8 அடி திறந்து கிடக்கிறது. அதுவும் நெட் தாழ்வாக இருக்கும் நடுப்பகுதியில். அவர் காவல் காக்கும் பட்டையிலோ எதிராளி அரை அடி உயரமான நெட்டைத் தாண்ட வேண்டும், குறுக்காக மூலைக்கு மூலை கிடைக்கும் ஏறத்தாழ 86 அடிக்குப் பதில் 78 அடிக்குள் பந்தை இறக்க வேண்டும். கடினமான ஷாட்டுக்குக் காவல் போட்டுவிட்டுச் சுலபமான ஷாட்டுக்குக் கதவு திறந்து வைத்தது போலாகிறது.

பார்ட்னர் சர்வ் செய்யும்போது நெட்டுக்காரர் தொடங்க வேண்டிய இடம் சர்வீஸ் கட்டத்தின் நட்டநடு. கட்டம் 13½ அடி அகலம். ஆகவே மையக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 அடி, நெட்டிலிருந்து 8 முதல் 10 அடி. லாப் போடும் ஜோடி என்று தெரிந்தால் 12 அடி. ஆனால் அது தொடக்கப் புள்ளி மட்டுமே. சர்வ் அகலமாகப் போனால் டிராம்லைன் பக்கம் ஓர் எட்டு, நடுக்கோட்டில் விழுந்தால் நடுப்பக்கம் ஓர் எட்டு. பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நகர வேண்டும், ஏனென்றால் அகலமான பந்திலிருந்துதான் டிராம்லைனில் அடிக்கக் கோணம் கிடைக்கும். நடுக்கோட்டில் விழுந்த பந்திலிருந்து அந்தக் கோணம் மிகக் குறைவு.

இந்த ஜோடி தங்களிடம் இருந்த சிறந்த ஆயுதத்தை ஒருமுறைகூட எடுக்கவில்லை என்பதும் இங்கேதான் தெரிகிறது. இடக்கையரின் ஸ்லைஸ் சர்வ், அவர் பார்வையில் இடமிருந்து வலமாக வளையும். டியூஸ் கோர்ட்டில் அது நடுக்கோட்டை நோக்கி வளைந்து வலக்கைக்காரரின் பேக்ஹேண்டுக்குப் போகும். அப்போது நெட்டில் இடது பாதியில் நிற்கும் வலக்கையருக்கு நடுப்பக்கம் ஃபோர்ஹேண்ட். பேக்ஹேண்டில் தடுமாறி வரும் ரிட்டர்ன், நெட் தாழ்ந்த நடுவழியே, அவரது ஃபோர்ஹேண்ட் வாலிக்கு (தரையில் படுமுன் அடிக்கும் அடிக்கு) வரும். இதைவிட நல்ல போச்சிங் வாய்ப்பு கேட்டாலும் கிடைக்காது. அதே ஸ்லைஸ் ஆட் கோர்ட்டில் வெளியே வளையும். எதிராளி கோர்ட்டுக்கு வெளியே இழுபடுவார், டிராம்லைனில் அடிக்கக் கோணம் கிடைக்கும். அங்கே நெட்டுக்காரர் ஓரத்துக்கு ஓர் எட்டு நகர வேண்டும். டியூஸில் போ, ஆட் கோர்ட்டில் காவல் இரு. இவ்வளவுதான் திட்டம். வலக்கையர் இரண்டு பக்கத்திலும் காவல் இருந்தார். போச்சிங் போன ஒரே தடவையும் ஆட் கோர்ட்டில் போனார்.

போச்சிங்கில் தப்புவது பெரும்பாலும் நேரம். சர்வ் அடித்ததும் கிளம்பினால் எதிராளி பார்த்துவிடுவார். பந்து அடிபட்ட பிறகு கிளம்பினால் எட்டாது. எதிராளியின் ராக்கெட் பின்னாலிருந்து முன்னால் வரத் தொடங்கும் கணத்தில் அவர் கண் பந்தின் மேல் இருக்கும். அந்தக் கணம்தான் கிளம்பும் நேரம். பக்கவாட்டில் ஓடக் கூடாது, நெட்டை நோக்கிக் கோணலாக முன்னேற வேண்டும். எதிர் நெட்டுக்காரரின் காலடியிலோ இருவருக்கும் நடுவிலோ வாலியை இறக்கலாம். கிளம்பியவர் பாதியில் திரும்பக் கூடாது, ஏனென்றால் அவர் விட்ட பாதிக்குப் பார்ட்னர் போயிருப்பார். அதற்காகத்தான் முதுகுக்குப் பின்னால் கை காட்டுவது: மூடிய கை என்றால் நிற்கிறேன், விரித்த கை என்றால் போகிறேன். சர்வ் செய்பவர் “ஓகே” என்று சொன்ன பிறகே பந்தைத் தூக்க வேண்டும். பார்க்காமல் தூக்கிவிட்டால் சைகையால் பயன் இல்லை.

தலைக்கு மேல் போனது

லாப் விஷயத்தில் கணக்கு தெளிவு. நெட்டிலிருந்து 8 அடியில் நிற்பவர், பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் பின்கோட்டுக்கு) 4 அடி உள்ளே விழும் பந்தைப் பிடிக்க 27 அடி பின்னால் ஓட வேண்டும், அதுவும் முதுகைத் திருப்பிக்கொண்டு. பேஸ்லைனில் இருப்பவர் தன் பாதியின் நடுவிலிருந்து மற்ற பாதியின் நடுவுக்கு 18 அடி, பந்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே ஓடலாம். ஆகவே இரண்டு எட்டுக்குள் அடிக்க முடியாத லாப் பின்னவருடையது.

யார் சொல்வது? பின்னால் இருப்பவர். அவருக்குத்தான் பந்தும் தெரியும், பார்ட்னரும் தெரிவார். பந்து உச்சியைத் தொடுவதற்கு முன் “மைன், ஸ்விட்ச்” என்று குரல் வர வேண்டும். அதைக் கேட்ட நெட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமல் எதிர்ப் பாதிக்குக் கடந்து, நெட்டருகே நிற்காமல் சர்வீஸ் கோடு வரை பின்வாங்க வேண்டும். துரத்திப் பிடிக்கும் பந்தில் வரும் பதில் பெரும்பாலும் பலவீனமாக இருக்கும். அப்போது நெட்டில் ஒட்டி நிற்பவர் அடி வாங்குவார்.

துரத்திப் பிடித்தவர் என்ன அடிப்பது என்பதிலும் முடிவு முன்கூட்டியே இருக்கட்டும்: லாப்புக்கு லாப், உயரமாக, நடுவில், ஆழமாக. அதற்குள் எதிர் ஜோடி நெட்டுக்கு வந்திருக்கும். அந்த நிலையில் ஓடிக்கொண்டே அடிக்கும் வேகமான டிரைவ் நேராக அவர்கள் வாலிக்குப் போகும். ஒன்பதாவது கேமில் இடக்கையர் நெட்டிலிருந்து மூன்றடியில் நின்றார். நெட்டருகே அவருக்குக் கை நன்றாக வரும் என்பதாலேயே அவ்வளவு ஒட்டி நின்றார். மூத்த ஜோடி நான்கு முறை அவர் தலைக்கு மேல் போட்டது. நான்கு முறையும் வலக்கையர் ஓடிப் போய் முழு வேகத்தில் அடித்தார். ஒன்று உள்ளே விழுந்தது.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. லாப்பைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி ஓடுவது இந்த வயது ஆட்டங்களில் ஆபத்தான அசைவு. குதிகால் தடுக்கி மல்லாந்து விழுந்தால் மணிக்கட்டோ தலையோ அடிபடும். முதல் எட்டிலேயே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். கோர்ட்டில் கிடக்கும் உபரிப் பந்துகளை ஒவ்வொரு பாயின்ட்டுக்கு முன்பும் ஓரம் தள்ளுவதும் இதோடு சேர்ந்ததே.

ரிட்டர்ன் பார்ட்னர் நின்ற இடம்

எட்டாவது கேம் வேறு வகையில் போனது. இடக்கையர் ரிட்டர்ன் செய்யும்போது வலக்கையர் நெட்டிலிருந்து 8 அடியில் நின்று, திரும்பித் தன் பார்ட்னர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் நெட்டுக்காரர் 6 அடியில். இருவருக்கும் நடுவே 14 அடி. ரிட்டர்ன் சற்று உயர்ந்தாலே அவர் அதை வலக்கையரின் காலடியில் தள்ளினார்.

ரிட்டர்ன் செய்பவரின் பார்ட்னர் தொடங்க வேண்டிய இடம் சர்வீஸ் கோடு, நெட்டிலிருந்து 21 அடி. எதிர் நெட்டுக்காரருக்கும் அவருக்கும் இடையே 27 அடி கிடைக்கும், பதில் சொல்ல ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம். கண் பார்க்க வேண்டியது எதிர் நெட்டுக்காரரின் ராக்கெட்டை. ரிட்டர்ன் அவரைத் தாண்டிவிட்டால் உடனே 10 அடி வரை முன்னேறலாம். அவர் பந்தை நோக்கி நகர்ந்தால் நின்ற இடத்தில் சிறு குதி போட்டு, ராக்கெட்டைத் தாழ்த்தி, நடுவைக் காக்க வேண்டும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் சர்வ் சர்வீஸ் கோட்டைத் தாண்டியதா என்று சொல்ல வேண்டியவரும் இவரே. அதற்கும் அந்த இடமே வசதி.

யார் எந்தப் பக்கம் ரிட்டர்ன் செய்வது என்பதில் இந்த ஜோடி பழக்கப்படி போனது: வலக்கையர் டியூஸ், இடக்கையர் ஆட். இருவருக்கும் ஃபோர்ஹேண்ட் வெளிப்பக்கம், நடுவில் இரண்டு பேக்ஹேண்ட். பிரையன் சகோதரர்கள் 16 கிராண்ட் ஸ்லாம் ஆடவர் இரட்டையர் பட்டங்களை வென்றது இப்படி நின்றுதான்: வலக்கைக்கார மைக் டியூஸ், இடக்கைக்கார பாப் ஆட். அந்த மட்டத்தில் அகலமாக வெளியே வளையும் சர்வ் ஒரு பெரிய ஆபத்து, அதை ஃபோர்ஹேண்டில் எடுப்பது லாபம். அறுபது வயதைத் தாண்டியவர் போடும் மெதுவான சர்வுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இந்த மூத்த ஜோடியின் பிழைப்பே நடுவில் தள்ளுவது. பக்கத்தை மாற்றி நின்றிருந்தால் நடுவில் இரண்டு ஃபோர்ஹேண்ட் இருந்திருக்கும். இடையில் மாற்ற விதி இடம் தராது. ரிட்டர்ன் வரிசையை அடுத்த செட் தொடக்கத்தில் மட்டுமே மாற்றலாம்.

மாற்றும் முன் இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். கேமை முடிக்கும் பாயின்ட்டுகளில் 40–0, 40–30, அட்வான்டேஜ் மூன்றும் ஆட் கோர்ட்டில் ஆடப்படுபவை, 40–15 மட்டும் டியூஸில். நெருக்கடியில் பந்தை உள்ளே போடக்கூடியவர் ஆட் பக்கம் நிற்பது நல்லது. வலக்கையர் அங்கே போனால், முதல் ரிட்டர்னில் முக்கால் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

“நீங்க எடுங்க சார்”

நடுப்பந்தில் இருவரும் பேசாமல் நின்றதற்குக் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை. வலக்கையர் பதினைந்து வயது இளையவர், பார்ட்னரை “சார்” என்றுதான் கூப்பிடுகிறார். மூத்தவர் பக்கம் வரும் பந்தை “மைன்” என்று அதட்டிப் பிடுங்கிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. “நீங்க எடுங்க சார்” என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் பந்து தரையைத் தொட்டுவிடும். இடக்கையருக்கும் இதே சிக்கல் வேறு விதத்தில்: வேகமாக அடிப்பவர் தம்பிதானே, அவனுக்கு விடுவோம் என்று ஒதுங்குகிறார்.

நம் ஊர் கோர்ட்டுகளில் இது நிஜமான இடைஞ்சல். இதற்கு ஒரு நல்ல வழியும் இருக்கிறது. ‘மைன்’, ‘யுவர்ஸ்’, ‘ஸ்விட்ச்’, ‘லீவ்’ (தொடாமல் விடு), ‘பவுன்ஸ்’ (தரையில் விழவிடு) என்ற ஐந்து சொல்லில் வயதும் இல்லை, மரியாதை விகுதியும் இல்லை. ஆட்டத்துக்கு முன்பே “பாயின்ட் நடக்கும்போது சார் கிடையாது, ஒத்தைச் சொல்தான்” என்று மூத்தவர் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால் இளையவருக்குக் குரல் வந்துவிடும். அனுமதி மேலிருந்து வர வேண்டும், இளையவராகக் கேட்க மாட்டார்.

பந்து நம் பக்கம் வரும்போது மட்டும் பேசலாம். எதிராளியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது குரல் கொடுத்தால் அவர்கள் இடையூறு என்று பாயின்ட்டைக் கேட்க முடியும். நடுப்பந்தில் இருவரும் வீசினால் ராக்கெட்டுகள் உரசுவது குற்றமில்லை, பந்து இரண்டு ராக்கெட்டிலும் பட்டால் பாயின்ட் போய்விடும். கோட்டுப் பந்தில் ஒருவர் “அவுட்” என்றும் மற்றவர் “உள்ளே” என்றும் சொன்னால் அது உள்ளே விழுந்ததாகவே கொள்ள வேண்டும்.

பாயின்ட்டுகளுக்கு இடையே உள்ள 25 விநாடியில் நடந்ததைப் பற்றி ஒன்றும் பேசக் கூடாது. 4–4 ஆனபோது வலக்கையர் சொன்னது: “சார், கொஞ்சம் பின்னாடி நின்னிருக்கலாம்.” சரியான தகவல், தவறான காலம். “அடுத்ததும் லாப்தான் வரும், பன்னிரண்டு அடியில நிப்போம்” என்று சொல்லியிருந்தால் அதே தகவல் வேலைக்கு வந்திருக்கும். இடக்கையர் அடுத்த கேமில் மூன்றடிக்குப் போய் ஒட்டிக்கொண்டதில் அந்தக் குறைகூறலுக்கும் பங்கு உண்டு. பத்தாவது கேமில் இருவரும் தனித்தனியாக ஆடினார்கள். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

மூன்று வாரப் பயிற்சி

90 நிமிடம் கோர்ட் கிடைத்தால் முதல் 40 நிமிடத்தை இதற்கு ஒதுக்கினால் போதும். பந்து போட மார்க்கர் (கோர்ட்டில் பயிற்சிக்கு உதவுபவர்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எதிர் ஜோடியிடமே கேட்கலாம்.

லாப் மாற்றத்தில் தொடங்குவது நல்லது. எதிர் பேஸ்லைனிலிருந்து நெட்டுக்காரர் தலைக்கு மேல் 20 லாப். பின்னவர் கூப்பிட வேண்டும், முன்னவர் கடக்க வேண்டும், பதில் லாப்பாகப் போக வேண்டும். பந்து உச்சியைக் கடந்த பிறகு குரல் வந்தால், ஷாட் உள்ளே விழுந்தாலும் அது தோல்வி. 20க்கு 15 வந்ததும் இடம் மாறிக்கொள்ளலாம். அடுத்து நடுப்பந்து: இருவரும் சர்வீஸ் கோட்டில் நிற்க, நடுவை நோக்கி மெதுவான பந்து 10 நிமிடம். எவருக்கு ஃபோர்ஹேண்டோ அவர் எடுப்பார், இரண்டும் பேக்ஹேண்ட் என்றால் பந்து அடிபட்ட இடத்துக்குக் குறுக்கே எதிரில் நிற்பவர் எடுப்பார்.

மூன்றாவது ஆட்டமாகவே இருக்கட்டும். 11 பாயின்ட் போட்டி, சாதாரண டபுள்ஸ் போலவே. சர்வ் செய்யும் ஜோடியின் நெட்டுக்காரர் பந்தைத் தொட்டு வென்ற பாயின்ட்டுக்கு 2 மதிப்பெண். டிராம்லைனில் போனாலும் இழப்பு ஒன்றுதான். இரண்டு வாரத்தில் ஓரத்தில் ஒட்டி நிற்கும் பழக்கம் தானாகக் கரைவதைப் பார்க்கலாம், ஏனென்றால் கணக்கு கண்ணெதிரே ஏறுகிறது.

இதையெல்லாம் செய்தாலும் மூத்த ஜோடி சும்மா இருக்காது. போச்சிங் தொடங்கியதும் டிராம்லைனில் இரண்டு பந்து அடிப்பார்கள். ஒன்று உள்ளே விழும். ஒரு சர்வ் கேமுக்கு ஒரு பந்து என்ற விலையைக் கொடுக்கலாம். பயந்து பின்வாங்கினால்தான் அவர்கள் வென்றார்கள். லாப் பலிக்கவில்லை என்றால் நெட்டுக்குக் கிட்டக் குட்டையாகப் போட்டு வலக்கையரை முன்னே இழுத்து, பிறகு தலைக்கு மேல் போடுவார்கள். அப்போது இருவரும் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது. பந்துக்கு நேர் எதிரே இருப்பவர் முன்னால், குறுக்கே இருப்பவர் சர்வீஸ் கோட்டுக்கு ஓரடி உள்ளே. குறுக்கே இருப்பவர்தான் லாப்புக்குப் பொறுப்பு.

வெயிலும் சர்வ் வரிசையும்

டபுள் ஃபால்ட்டுக்கு வருவோம். டென்னிஸ் கோர்ட்டுகள் பெரும்பாலும் வடக்கு தெற்காகப் போடப்படுகின்றன. சர்வ் செய்யும்போது வலக்கைக்காரரின் உடம்பு வலப்பக்கம் திரும்பும், இடக்கைக்காரருடையது இடப்பக்கம். ஆகவே காலையில் வடக்கு நோக்கி சர்வ் செய்யும் வலக்கையர் கிழக்கைப் பார்த்துப் பந்தைத் தூக்குவார். தெற்கு நோக்கிச் செய்யும் இடக்கையரும் அப்படியே. முனைகளை மாற்றிக்கொண்டால் இருவருக்கும் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும்.

பலருக்குத் தெரியாத விஷயம், ஒரு செட் முழுவதும் ஒவ்வொருவரும் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் செய்வார்கள். ஒற்றைப்படை கேம்களுக்குப் பிறகு முனை மாறுவதும் நால்வர் சுற்று வரிசையும் சேர்ந்து அப்படி அமைகிறது. இந்த ஜோடி தெற்கு முனையில் தொடங்கியது, முதல் சர்வ் வலக்கையர். அதனால் அவருக்குத் தெற்கு முனை, இடக்கையருக்கு வடக்கு முனை என்று நிலைத்துவிட்டது. இருவருக்குமே கெட்ட முனை. எட்டு மணிவரை கிழக்கு மரங்கள் மறைத்தன, 4–2 வரை அது தெரியவில்லை. இடக்கையர் முதலில் சர்வ் செய்திருந்தால் இருவருக்கும் நல்ல முனை கிடைத்திருக்கும்.

இரண்டாவது செட்டில் பொதுவாக நடப்பது: “போன செட் நான் ஆரம்பிச்சேன், தோத்தோம். நீங்க ஆரம்பிங்க சார்.” அப்படிச் செய்தால் மறுபடியும் வெயிலில் மாட்டுவார்கள். 4–6 என்றால் மொத்தம் 10 கேம், இரட்டைப்படை. செட் முடிவில் முனை மாறாது, அடுத்த செட்டின் முதல் கேமுக்குப் பிறகே மாறும். ஆகவே இந்த ஜோடி இரண்டாவது செட்டை வடக்கு முனையில் தொடங்கும். அங்கிருந்து வலக்கையரே முதலில் செய்ய வேண்டும், இடக்கையர் மூன்றாவது கேமில் தெற்கிலிருந்து. பழைய வரிசையே இப்போது இருவருக்கும் சரியான வரிசை.

அந்த செட் 6–6 ஆனால் கணக்கு கலையும். செட்டை முடிவுசெய்யும் டை பிரேக்கில் 6 பாயின்ட்டுக்கு ஒருமுறை முனை மாறும். முதல் பாயின்ட் வலக்கையருடையது, நல்ல முனையில். 4, 5ஆம் பாயின்ட்டுகளில் இடக்கையர் கண்ணில் வெயில், 8, 9ஆம் பாயின்ட்டுகளில் வலக்கையர் கண்ணில். இந்த நான்கு சர்வுக்கும் பந்தைத் தாழ்வாகத் தூக்கி, முக்கால் வேகத்தில், எதிராளியின் உடம்பை நோக்கி முதல் சர்வையே உள்ளே போட வேண்டும்.